உச்சிமாகாளி அண்ணாச்சியின் ஜனவரி

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சுவரில் ஆணியைப் பாருங்கள். சட்டை மாட்ட ஒன்று, குடை மாட்ட ஒன்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை தொங்கவிட ஒன்று என்று ஆணிக்குக் குறைவே இருக்காது. ஆனால் டிவிக்கு மேலே, வாசலில் நின்றாலே கண்ணில் அடிக்கிற இடத்தில், நல்ல ஆணி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்த ஆணியில் வருஷம் முழுக்க எந்தக் கடைக் காலண்டர் தொங்குகிறதோ அந்தக் கடைக்குத்தான் அந்த வீட்டம்மா பையைத் தூக்கிக்கொண்டு போவாள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர் கடை வைத்துப் பார்த்ததில்லை.

உச்சிமாகாளி கடை வைத்துப் பார்த்தவர். உடன்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அஞ்சாங்கிளாஸோடு சிலேட்டைக் கவிழ்த்துவிட்டு ரயிலேறினார். கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கினார். ராயபுரத்தில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார். அரிசி மூட்டைமேல் படுத்து அரிசி மூட்டைமேலேயே விழித்தார். அப்பன் சொத்து என்று ஒரு செங்கல் கிடையாது. இன்றைக்கு இந்த முனை மளிகைக் கடையின் ஷட்டர் முதல் மாடி வரை எல்லாம் அவர் முதுகிலிருந்து வந்தது. அதை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லட்டுமே! சம்பாதித்தவன் சொல்லாமல் சும்மா உட்கார்ந்து தின்றவனா சொல்வான்?

எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த கடை சுடலைராஜுடையது. அண்ணாச்சியின் மனைவி சிவந்திக்குக் கூடப்பிறந்த தம்பி. ஊரிலிருந்து அழைத்து வந்து, தொழில் பழக்கி, கடை பிடித்துக் கொடுத்தது எல்லாம் அத்தான் உச்சிமாகாளிதான். கொஞ்சம் காசு சேர்ந்ததும் சுடலைராஜ் அண்ணா நகருக்குக் குடிபோய்விட்டான். கடைக்குக் காரில் வருவான்; கார்க் கண்ணாடியை இறக்க மாட்டான்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு சிவகாசியிலிருந்து காலண்டர் ஏஜெண்ட் அப்பாவு வருவது வழக்கம். அந்த வருஷமும் வந்தார். அண்ணாச்சியின் கடை மேஜைமேல் மாதிரிப் படங்களைப் பரப்பினார். சுடலைராஜும் வந்து நின்றான். அவன் வழக்கம்போலத் தினசரி கிழிக்கிற காலண்டர், மேலே முருகன் என்று சொல்லிவிட்டான். அண்ணாச்சிக்குச் சாமி படம் சரிப்படாது. அவர் கடைக்கு, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரும் வருவார், பாய் வீட்டம்மாவும் வருவார், புத்தரைக் கும்பிடுகிறவர்களும் வருவார்கள். ஒரு சாமியைப் போட்டால் மற்ற வீட்டில் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடும். அதனால் எப்போதும் மாதக் காலண்டர், சீனரிப் படம்தான் போடுவார்.

அப்பாவு ஒரு பனிமலைப் படத்தை நீட்டினார். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது எந்த ஊருவே?"

"சுவிட்சர்லாந்து அண்ணாச்சி."

"போன வருஷமும் இதே மலைதான குடுத்தீரு? அந்த மாடு திரும்பிப் படுத்திருக்கு, அவ்வளவுதான். நம்ம ஊரு சீனரி இல்லையா?"

"ஊட்டி இருக்கு, குற்றாலம் இருக்கு..."

"அது ஒம்ம ஊரு. நம்ம ஊருங்கேன். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்."

அப்பாவு வாயைத் திறக்குமுன் சுடலைராஜ் சிரித்துவிட்டான்.

"அத்தான், இங்கன என்ன சீனரி இருக்கு? கன்டெய்னர் லாரி இருக்கு, கொசு இருக்கு. ஒரு கையால மூக்கப் பொத்திக்கிட்டு இன்னொரு கையாலதான் போட்டோ எடுக்கணும்."

கடையில் சாமான் வாங்க நின்ற பெண்கள் நாலைந்து பேர். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அண்ணாச்சி அதைக் கவனித்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"எல சுடல, கேட்டுக்க. பன்னெண்டு மாசத்துக்கும் பன்னெண்டு படம். அம்புட்டும் இங்கனயே எடுக்கேன். ராயபுரம் தாண்டித் தெக்க ஒரு அடி வைக்க மாட்டேன். வர்ற தையில அது ஒவ்வொரு வூட்லயும் நல்ல ஆணியில தொங்கும். தொங்கலைன்னா அடுத்த வருஷத்துல இருந்து நான் காலண்டர் போடல. ஒன் காலண்டர எங்கடைக் கல்லாவுல வச்சு நானே எங்கையால குடுக்கேன். போதுமா?"

"போதும் அத்தான்" என்றான் சுடலைராஜ். காரியத்தில் கெட்டிக்காரன், அப்போதே அந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று சாட்சியும் பிடித்துக்கொண்டான்.

மறுநாளே அண்ணாச்சி ராயபுரத்தில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் சுஃபியானை டிவிஎஸ் எக்ஸெலின் பின்னால் ஏற்றிக்கொண்டார். அதுவரை சுஃபியான் பாய் எடுத்ததெல்லாம் மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களைத்தான். வெளியே படம் எடுக்க வேண்டும் என்றால் ஜோடிகளை மகாபலிபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர்.

"அண்ணாச்சி, மனுசன் இல்லாத படத்துல யாரைப் பாத்து சிரிங்கன்னு சொல்றது?" என்று முதல் நாள் கேட்டார்.

"கடலைப் பாத்துச் சொல்லும்."

இரண்டாம் நாளே பாய்க்குச் சுவை தட்டிவிட்டது. அவர் ஒரே ஒரு பாடம்தான் வைத்திருந்தார்: "இடம் இன்னா இடமா இருந்தாலும் சரி அண்ணாச்சி, வெளிச்சம் நல்லா விழணும். அது விழுந்தா குப்பைமேடும் கோட்டைதான்." அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் கையை நெற்றிக்குக் குடைபிடித்து, "வெளிச்சம் விழுதா பாய்?" என்பதே பேச்சு.

அண்ணாச்சி தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு படத்திலும் ஒரு மூலையில் கடையின் மஞ்சப் பை தொங்க வேண்டும். சொந்தக் காசில் ஊருக்குப் படம் எடுக்கிறவன் பேரை ஊர் பார்க்க வேண்டாமா?

காசிமேட்டில் விடியற்காலைப் படகுகள். கொடி கட்டி, வர்ணம் பூசி, கல்யாண வீட்டுக்கு வந்தவை போல நெருக்கியடித்து நிற்கும். நங்கூரத்தில் பையை மாட்டியதும் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கூவினார்: "இன்னா அண்ணாச்சி, கடன் கேட்டு கேட்டு கடைய தூக்கினு கடலுக்கே வந்துட்டியா?"

எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் ஈயப் பாத்திரம் போல அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள். சுஃபியான் கேமராவைத் தாழ்த்தி, "புகை வருது அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்" என்றார்.

"எதுக்கு அழிக்க? அந்தப் புகையிலதான் அண்ணா நகர்ல ஏசி ஓடுது. இருக்கட்டும், விடும்."

திருவொற்றியூரில் கன்டெய்னர்களைச் சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கொலுப்படி போல அடுக்கியிருந்தார்கள். வாசலில் நின்று எடுக்கப் போனதற்குக் காவலாளி விரட்டினார். அண்ணாச்சி அசருவாரா? பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கே வடகம் காயப்போட்டிருந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அத்த போய் இன்னாத்துக்கு எடுக்குறீங்க? என் வடகத்த எடுங்க, எப்டி வெள்ளவெளேர்னு காஞ்சினுகீது பாரு." சரியென்று முன்னால் வடகமும் பின்னால் கன்டெய்னருமாக எடுத்தார்கள். ஏப்ரல் மாதத்துக்கு அதுதான். வெயிலுக்குப் பொருத்தம்.

இப்படி ஐப்பசி மழைக்கு நடுவே கிடைத்த வெயிலெல்லாம் சேர்த்து பதினொரு படம் தேறியது. எல்லாம் அருமை. ஆனால் ஜனவரிக்கு ஒன்று வேண்டும். முதல் தாள் அல்லவா? அதைப் பார்த்துத்தானே வீட்டம்மா ஆணியைத் தீர்மானிப்பாள்! பச்சையாக, குளிர்ச்சியாக, பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி ஒன்று.

மிளகாய் வத்தல் பிடிக்கப் பேசின் பாலம் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றுக்குப் போனபோது அது வாய்த்தது. நெடி தாங்காமல் அண்ணாச்சி காற்று வாங்கக் கிட்டங்கியின் மாடிக்கு ஏறினார். அப்படியே நின்றுவிட்டார். மதில்களுக்கும் தகரக் கூரைகளுக்கும் நடுவில் ஒரு காடு! குடை விரித்தாற்போலத் தூங்குமூஞ்சி மரங்கள், முழங்கால் உயரத்துக்குப் புல், ஓரத்தில் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி, புல்லுக்குள் அங்கங்கே வெள்ளை வெள்ளையாய்க் கொக்கு. சாயங்கால வெயில் சாய்ந்து மரத்துக்கு அடிவரை போயிருந்தது. போனைப் போட்டு சுஃபியானை வரவழைத்தார்.

"யாரு தோட்டம் இது?" பாய்க்கு வாய் மூடவில்லை.

"ரயில்வேக்காரன் தோட்டமா இருக்கும். வெள்ளக்காரன் காலத்து மரம்லா. எடும், எடும், வெளிச்சம் போயிரும்."

பாய் கண்ணைக் கேமராவில் வைத்தபடியே, "கொக்குல பாதி பறக்குது, பாதி அசையவே மாட்டேங்குதே" என்றார்.

"தூங்குதுவே. மரமே தூங்குமூஞ்சி, கொக்கு தூங்கக் கூடாதா?"

மாடிக் கம்பியில் மஞ்சப் பையைக் கட்டி, அதுவும் ஓரத்தில் தெரியும்படி எடுத்தார்கள். படத்துக்குக் கீழே போட வேண்டிய வாசகத்தையும் அண்ணாச்சியே சொந்தமாக யோசித்து எழுதிக் கொடுத்தார்: 'நம்ம ஊர்ச் சோலை. ஒருமுறை வந்தால் திரும்பிப் போக மனம் வராது.'

மார்கழி பாதியில் சிவகாசியிலிருந்து கட்டு வந்தது. பிரித்த அன்றே சிவந்தி முதல் தாளைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசில் நடக்காது. புது வருஷத்துக்குச் சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அண்ணாச்சி எழுந்து நின்று, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார். எதிர்க்கடைக்குக் கேட்கும்படி ஒவ்வொருவரிடமும், "நம்ம ஊரு! எல்லாம் நம்ம ஊரு!" என்றார்.

புது வருஷத்துக்கு மறுநாள் காலை மலர்க்கொடி வந்தாள். ஹவுசிங் போர்டில் குடியிருக்கிறவள். அண்ணாச்சி கடைக்கு வாடிக்கை விட்டுப் போகாதவள். சுருட்டிய காலண்டரைக் குழந்தையைப் போடுவது போல மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, கோச்சுக்காத. இது வாணாம்."

"ஏம்மா, படம் பிடிக்கலியா?"

"படம் சோக்காத்தான் கீது. டிவி மேலதான் மாட்டினேன். எங்க வூட்டுக்காரரு டில்லிபாபு நைட் டூட்டி முடிச்சு வந்து ஒக்காந்து டீ குடிச்சாரு. நிமிந்து பாத்தவரு அப்டியே டம்ளரக் கீழ வுட்டுட்டாரு. 'அடிப்பாவி, மூலக்கொத்தளத்த எவடி வூட்டுக்குள்ள மாட்னது?'ன்றாரு."

"மூலக்கொத்தளமா?"

"சுடுகாடு அண்ணாச்சி. பொதைக்கிற எடம். நல்ல நாளும் அதுவுமா..."

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அசையாத கொக்குகள் எல்லாம் கல்லறைகளாக இருந்தன.

இத்தனை காலம் இந்த ஊரில் வாழ்ந்த மனிதருக்கு அது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். தெற்கத்தி வியாபாரிகளைத் தெரிந்தவர் கேட்க மாட்டார். அவர்களுக்குப் பிழைப்புதான் இங்கே, மண் அங்கே. யாராவது கண்ணை மூடினால் ஐஸ் பெட்டியில் வைத்து, வண்டி பிடித்து, ராவோடு ராவாகச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வாடிக்கைக்காரர் வீட்டுச் சாவென்றால் பெரிய மாலையாக வாங்கிப் போட்டு, பறைச் சத்தத்தோடு தெருமுனை வரை நடந்து, கடை திறக்கத் திரும்பிவிடுவார்கள். மயானத்தின் வாசலை அண்ணாச்சி ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது, பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சுஃபியான் பாய்க்கோ அவர்களுடைய கபரஸ்தான் வேறு.

ஹவுசிங் போர்டில் சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? மத்தியானத்துக்குள் பத்துப் பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மறுநாள் இன்னும் பலர். சிலர் மேஜைமேல் வைத்தார்கள், சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு ஷட்டர் ஓரம் சாய்த்துவிட்டுப் போனார்கள். சாமான் வாங்குவதை யாரும் நிறுத்தவில்லை, அது வேறு. ஆனால் ஆணி போய்விட்டது.

சுடலைராஜ் ரோட்டைத் தாண்டி வந்தான். சுருள்களின் குவியலைப் பார்த்தான்.

"அத்தான், 'திரும்பிப் போக மனம் வராது'ன்னு நீங்களே எழுதுனதா? சரியாத்தான் எழுதியிருக்கீய. கடைப் பையக் கொண்டு போயிச் சுடுகாட்டுல மாட்டுன முதல் வியாபாரி நீங்கதான்."

"எல, போ, ஒன் சோலியப் பாத்துக்கிட்டு."

"போகி வருது. நல்லா எரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சிவந்தி ஒரு வழி சொன்னாள். "இங்கேருங்க, மொதத் தாள மட்டும் கிழிச்சுப் போட்டுட்டு பிப்ரவரியில இருந்து குடுங்களேன். மத்ததெல்லாம் நல்ல படந்தான?"

"ஜனவரி இல்லாம ஒரு வருஷமாளா? மொட்டக் காலண்டரக் குடுத்தான் உச்சிமாகாளின்னு பேரு வரவா?" பிடிவாதத்தில் அவரை அசைக்க ஆளில்லை. ஆனாலும் பொங்கலுக்கு ஆட்கள் வருகிற நேரம், கண்ணெதிரே அந்தக் குவியல் எதற்கு என்று கட்டிக் கடை ஓரத்தில் வைத்துவிட்டார். போகிக்குப் போட்டுவிடலாம் என்று மனசுக்குள் ஒரு பக்கம் ஒத்துக்கொண்டும் விட்டார். சுடலைராஜின் முருகனைத் தன் கல்லாவில் வைத்துக் கொடுக்கிற காட்சி அவ்வப்போது கண்முன் வந்து போனது.

போகிக்கு முந்தின நாள் பச்சையம்மா வந்தாள். தெருமுனையில் இட்லிக் கடை போடுகிறவள். அவள் புருஷன் லோகநாதன் கொத்தவால் சாவடிக் காலத்திலிருந்து அண்ணாச்சிக்குத் தோஸ்து. இரண்டு பேரும் ஒரே மூட்டையை முதுகு மாற்றித் தூக்கியவர்கள். போன மழைக்காலத்தில் லோகநாதன் போய்விட்டார். அண்ணாச்சி கடையே வாசம் அடிக்கிற அளவுக்குச் சம்பங்கி மாலை போட்டார். தெருமுனை வரை கூடவே நடந்தார்.

"இன்னா அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் காலண்டர் குடுத்த, எனக்கு மட்டும் இல்லையா?"

"பச்ச, அது... அது வேண்டாம். உனக்கு வேற தாரேன்."

"தெரியும், தெரியும். மலர்க்கொடி சொல்லிச்சு. அத்தத்தான் குடு."

அண்ணாச்சி ஒன்றை உருவிக் கொடுத்தார். அவள் ரப்பர் பேண்டைக் கழற்றி, தாளை இரண்டு முழங்கையாலும் அழுத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பின்னால் நின்ற ஒருத்தி "ஒரு ஷாம்பு குடு" என்று கேட்டதற்கு அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே சரத்திலிருந்து ஒன்றைக் கிள்ளி நீட்டினார்.

"நீலத் தொட்டி சொன்னான் எம்மவன். நீலத் தொட்டி, அதுக்கு இந்தாண்ட பெரிய மரம், அந்த மரத்துக்குக் கீழன்னான். இதுவா அண்ணாச்சி?"

"நீ பாத்ததில்லையா?"

"நாங்க எங்கப் பாக்கறது? பொம்பளைங்களத் தெருமுனையோட நிறுத்திடுவாங்க இல்ல. உன்னைய மாதிரியே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். "அந்தாளு இருக்க சொல்லோ ஒரு நல்ல எடத்துக்கு இட்டுனு போனதில்ல. இப்ப பாரு, எவ்ளோ ஜோரான எடத்துல படுத்துனுகீறாரு. இதுல எங்க இருக்காரு, காட்டேன்."

அண்ணாச்சி விரலை எடுத்துக்கொண்டு போய்ப் படத்துக்கு மேலேயே நிறுத்தினார். அவருக்குத் தெரியாது.

"இரு" என்று அவளிடமும், "கடையப் பாத்துக்க" என்று சிவந்தியிடமும் சொல்லிவிட்டு டிவிஎஸ் எக்ஸெலை எடுத்தார்.

மூலக்கொத்தளத்து வாசலில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், "யார தேடிக்கினுகீற நைனா?" என்றார். "நீலத் தொட்டி" என்றார் அண்ணாச்சி. மேலேயிருந்து பார்த்தபோது ஒரே பசுமையாக இருந்தது, கீழே வந்தபோது பேர்களாக இருந்தது. நின்று நின்று படித்தார். பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். கால் கிலோ துவரம்பருப்பு, ஒரு கட்டு பீடி என்று வாங்கிப் போனவர்கள். அட, இவர் இங்கேயா இருக்கிறார், இந்தம்மா இங்கேயா என்று, கல்யாண வீட்டில் ஆள் பார்க்கிறவர் போல நடந்தார். லோகநாதன் அந்தப் பெரிய மரத்தின் வேருக்குப் பக்கத்தில் இருந்தார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் அங்கேயே குந்தினார். நிமிர்ந்து கையைக் குடைபிடித்துக் கிட்டங்கி மாடியைத் தேடினார். அங்கே கம்பியில், கழற்ற மறந்து வந்த கடையின் மஞ்சப் பை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து, சிவப்புப் பேனாவை எடுத்து, மரத்தடியில் வேரை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி வைத்தார். "இங்கன இருக்கான். நல்ல நெழலு. சாயங்காலம் வெளிச்சம் நேரா அவம்மேலதான் விழும்."

பச்சையம்மா தலையை ஆட்டினாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, "மரத்தடிதான் கேப்பாரு எப்பவும். மூட்டைய எறக்குனா மரத்தடிதான்" என்றாள். சுருட்டாமல், மார்பில் விரித்துப் பிடித்தபடியே தெருவோடு கொண்டுபோனாள்.

பொங்கல் படையலுக்கு அது அவள் வீட்டு நல்ல ஆணியில் தொங்கியது. புள்ளிமேல் குங்குமம் வைத்து, கீழே இட்லியும் வடையும் படைத்தாள். படையல் சாப்பிட வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்த பிறகு சும்மா இருப்பார்களா? மாட்டுப்பொங்கலன்று கடை திறப்பதற்குள் மலர்க்கொடி நின்றாள்.

"அண்ணாச்சி, அந்தக் காலண்டரு எரிச்சிட்டியா?"

"ஏம்மா?"

"எங்க மாமனாரு அங்கதான் கீறாரு. பச்சக்காவுக்கு மட்டும் புள்ளி வச்சியாமே. எங்கூட்டுக்காரரு எடம் சொல்லுவாரு. எனக்கும் வச்சுக் குடு."

அண்ணாச்சி ஓரத்தில் கிடந்த கட்டைக் கல்லாமேல் தூக்கி வைத்தார். முதுகு பழைய முதுகு, இன்னும் தாங்கியது. அன்றையிலிருந்து ஒரு வாரம் அந்தக் கடையில் நடந்தது வியாபாரமா வேறு என்னவோவா என்று சொல்வதற்கில்லை. ஆண்கள் வந்து வழி சொன்னார்கள்: "மதிலுக்கு ஓரமா மூணாவது மரம்... இல்ல இல்ல, அந்த வேப்பமரம் இல்ல நைனா, அதுக்குப் பின்னாடி." சந்தேகம் வந்தால் அண்ணாச்சியே போய்ப் பார்த்து வந்து புள்ளி வைத்தார். படத்துக்கு வெளியே போய்விட்டவர்களுக்கு மட்டும் ஓரத்து வெள்ளைத் தாளில் அம்புக்குறி. திருப்பிக் கொடுத்தவர்கள் வாங்கிப் போனார்கள். கொடுக்காமல் பரணில் சொருகியிருந்தவர்கள் எடுத்து மாட்டினார்கள். யாரும் அங்கே இல்லாத வீட்டில்கூட, படம் நன்றாக இருக்கிறது என்று மாட்டினார்கள். பின்னே, நன்றாக இல்லாமல்? தேடி எடுத்தது யார்?

பிப்ரவரி பிறந்தது. அண்ணாச்சி பாக்கி சாமான் கொடுக்கிற சாக்கில் ஒரு சுற்று வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல ஆணியில் எல்லாம் அவர் காலண்டர். எல்லாம் ஜனவரி.

"தாளத் திருப்பலியாம்மா? பிப்ரவரிக்குக் காசிமேட்டுப் படகு. ஏப்ரல்ல கன்டெய்னரு, பாத்தா அசந்துருவ!"

"அத்தத் திருப்புனா எங்க மாமனாரு போயிடுவாரே" என்றாள் மலர்க்கொடி.

"அப்ப தேதி?"

"தேதி பாக்கத்தான் சுடலண்ணன் குடுத்தது அடுப்பாண்ட கீதே."

சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கோடு முருகன் தொங்கினார். இதைக் கேள்விப்பட்ட சுடலைராஜ் விடுவானா? ரோட்டைத் தாண்டி வந்து, "அத்தான், ஊரே நாள் பாக்கிறது எங்காலண்டர்லதான். உங்களுது ஜனவரியிலேயே நின்னுபோச்சு" என்றான்.

"ஆமா. நாள் தினமும் கிழிச்சுக் குப்பையில போடுத சாமான். எம்படத்த எவளாவது கிழிப்பாளா கேட்டுப் பாரு. பந்தயம் எதுக்கு? நல்ல ஆணிக்கு. அதுல தொங்குதது யாருது?"

சுடலைராஜ் ரோட்டைத் தாண்டித் திரும்பினான். அன்றைக்குக் கார்க் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனான் என்று சிவந்தி பிறகு சொன்னாள். தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள், காரில் ஏசி கெட்டுப்போயிருக்கும்.

வருஷம் முடிந்து, மறு வருஷம் வந்து, அப்பாவு புது மாதிரிகளோடு வந்தபோது, வாடிக்கைக்காரப் பெண்கள், "அண்ணாச்சி, எங்களுக்குப் புதுசு வாணாம், பழசே கெடக்கட்டும்" என்றுவிட்டார்கள். வருஷம் மாறியும் ஊரெல்லாம் ஒரே காலண்டரைத் தொங்க வைத்த கடைக்காரர் சென்னையில் இன்னொருவர் இருந்தால் வந்து சொல்லட்டும்.

கடையிலும் ஒன்று, கல்லாவுக்கு நேர் மேலே, நல்ல ஆணியில் இருந்தது. ஒருநாள் ஊதுபத்தி காட்டும்போது சிவந்தி அதை உற்றுப் பார்த்தாள். லோகநாதனின் புள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒன்றும் இல்லாத புல்தரையில், புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி.

"இது யாருக்குங்க? இங்கன யாரும் இல்லையே?"

அண்ணாச்சி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இல்லதான். எடம் நல்லா இருக்குளா. வெளிச்சம் நல்லா விழுது."

"அப்ப ஊருக்கு?"

"ஊர்ல எவனத் தெரியும் எனக்கு? இங்கன அம்புட்டுப் பேரும் நம்ம வாடிக்கைக்காரன்."

சிவந்தி ஊதுபத்தியைச் சொருகினாள். கல்லாவிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அப்ப பக்கத்துலயே எனக்கும் ஒண்ணு வையுங்க. தனியா விட்டா அங்கேயும் போயிக் கடையப் போட்டுருவீய."